திறந்து பார்க்காமல் கொடுத்த பெட்டி

வெனெட்டா பிக்கெட்டின் பிழைப்பு துப்பாக்கி எண்ணுவது. பதினெட்டு வருஷம் ராணுவத்தில் இருந்தவள் என்றால் பாலைவனத்தில் சுட்ட கதையைச் சொல்லச் சொல்லி ஆட்கள் கேட்பார்கள். அவளிடம் அந்தக் கதை கிடையாது. ஆயுதக் கிடங்கின் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று, துப்பாக்கியைக் கொடுத்து, துப்பாக்கியை வாங்கி, எண்ணி, பூட்டி, மறுபடி எண்ணியவள் அவள்.

மூடிய பெட்டியை அவள் வாங்க மாட்டாள். கர்னலே கொண்டுவந்தாலும் சரி.

"திறங்க சார். நம்பரை வாய் விட்டுப் படிங்க."

"என் மேல நம்பிக்கை இல்லையா சார்ஜன்ட்?"

"நம்பிக்கை இருக்கு சார். பெட்டி மேலதான் இல்ல."

அவள் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு லெப்டினென்டின் கைத்துப்பாக்கி தொலைந்துபோனது. முகாமின் வாசல்களை மூடிவிட்டார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தோளோடு தோள் உரச வரிசை கட்டி, புல்வெளியைச் சீப்பால் வாருவது போல வாரினார்கள். கடைசியில் ஒரு சிப்பாயின் தலையணை உறைக்குள் இருந்தது. அவன் அதைக் கழிப்பறையில் கண்டெடுத்து, பயந்துபோய், ஒளித்து வைத்திருந்தான். தொலைத்த லெப்டினென்டுக்குத் திட்டு கிடைத்தது. ஒளித்தவனுக்குச் சிறை கிடைத்தது. அந்தப் பாடத்தை வெனெட்டா மறக்கவில்லை.

இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினால் இருபது முடியும். இருபது முடிந்தால் ஆயுள் முழுக்க ஓய்வூதியம், குடும்பத்துக்கு மருத்துவம். ஒரு நாள் முன்னால் துரத்தினாலும் கையில் ஒன்றும் இல்லை. ராணுவம் வைத்த கணக்கு அப்படி. ஆளின் முதுகெலும்பைப் பதினெட்டு வருஷம் தேய்த்துவிட்டு, ஒரு வழக்கைக் காட்டி வெறுங்கையோடு அனுப்பலாம். ஆயுதக் கிடங்குக்காரி மேல் ஆயுத வழக்கு வந்தால் சொல்லவே வேண்டாம்.

அந்த ஜூலையில் அவளுக்கு மாற்றல் வந்தது. ஜார்ஜியாவின் ஹைன்ஸ்வில்லில் இருந்து வடக்கே, நியூயார்க் மாநிலத்தின் கனடா எல்லைப் பக்கம். யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்பது வழக்கமும் இல்லை. ஜார்ஜியாவில் ஒருவன் கைத்துப்பாக்கியை வண்டியில் வைத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போய் வருவான், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே துப்பாக்கியை உரிமம் இல்லாமல் நியூயார்க்குக்குள் கொண்டுபோனால் சிறை. வழியில் நியூஜெர்சி இன்னும் மோசம். கொடி ஒன்று, சம்பளம் போடும் அரசாங்கம் ஒன்று, சட்டம் மட்டும் பாலத்துக்குப் பாலம் மாறும். அரசாங்கமே ஆளைத் தூக்கி அந்தப் பக்கம் போடும், போகிற வழியில் மாட்டினால் அது உன் பாடு என்று சொல்லும்.

வெனெட்டா இதையெல்லாம் அறிந்தவள். மத்திய சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி சட்டப்படி உன்னுடையது என்றால், தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்து நடுவில் உள்ள மாநிலங்களைக் கடக்கலாம். வீட்டில் இருந்த இரண்டு வேட்டைத் துப்பாக்கிகளையும் ஒரு ஷாட்கன்னையும் அப்படியே நீளப் பெட்டியில் பூட்டினாள். தோட்டாக்களைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது கணவன் ராய்ஸின் கைத்துப்பாக்கி. அடகுக் கடையில் மலிவாக வாங்கியது. நியூயார்க் உரிமம் கிடைக்க மாதக் கணக்காகும். அதனால் அதை ராய்ஸின் தம்பி லான்னியிடம் விட்டுவிட்டுப் போவது என்று முடிவு.

இனி மூட்டை கட்டும் நாள். ராணுவக் குடும்பங்களுக்கு அந்த நாளைப் பற்றித் தனிப் பயம் உண்டு. ஒப்பந்தக்காரன் அனுப்பும் ஆட்கள் கூலிக்கு ஓடுபவர்கள். நின்று யோசித்தால் அவர்களுக்கு நேரம் போகும், நேரம் போனால் கூலி போகும். கண்ணில் பட்டதைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் போடுவார்கள். குப்பைத் தொட்டியைக் குப்பையோடு சுற்றுவார்கள். கார்ச் சாவி, பாஸ்போர்ட், பாதி சாப்பிட்ட சாண்ட்விச் எல்லாம் போய்ச் சேர்ந்த ஊரில் பெட்டியைத் திறக்கும்போது கிடைக்கும். அதனால் எல்லாக் குடும்பமும் ஒரு குளியலறையை ஒதுக்கும். கூடவே கொண்டுபோகிற சாமான் எல்லாவற்றையும் அதற்குள் அடைத்து, கதவில் டேப் ஒட்டி, "தொடாதே" என்று எழுதும். லாரி போனதும் அந்தக் குளியலறையில் இருப்பதை அள்ளி வண்டியில் ஏற்றும். யாரும் பார்த்துப் பார்த்து ஏற்றுவதில்லை. அங்கே இருக்கிறது என்றால் அது கூட வருகிற சாமான், அவ்வளவுதான்.

ராய்ஸ் கைத்துப்பாக்கிப் பெட்டியை அந்தக் குளியலறையின் அலமாரி மேல் வைத்தான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. துப்பாக்கிப் பெட்டி என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறதே, யாராவது கை வைத்தால்? துப்பாக்கியை எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, நாய்ச் சாப்பாட்டு டப்பாவுக்குள் தள்ளி, மேலே உருண்டைகளைப் பரப்பிவிட்டான். சாயங்காலம் தம்பி வந்ததும் திரும்பப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

சாயங்காலம் சலவை இயந்திரத்தின் குழாயைக் கழற்றும்போது அது பிய்த்துக்கொண்டது. வீடு முழுக்கத் தண்ணீர். ராய்ஸ் அடைப்பானைத் திருகிக்கொண்டு தரையில் கிடந்தான். வெனெட்டா துண்டுகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து லான்னி வந்தான்.

"அண்ணி, ஒரு காபி கூடக் கிடையாதா?"

"காபி மெஷின் லாரியில போயாச்சு. உங்கண்ணன் கட்டுற நீச்சல் குளத்துல குடிச்சுக்கோ."

ஈரக் கையோடு குளியலறைக்குள் போனாள். பெட்டியை எடுத்தாள். உள்ளே துடைக்கும் கம்பியும், தோட்டா அடைக்கும் மேகசின் இன்னொன்றும் இருந்ததால் கனமாகத்தான் இருந்தது. அப்படியே லான்னியிடம் நீட்டினாள். பதினெட்டு வருஷத்தில் மூடிய பெட்டியைத் திறக்காமல் அவள் கை மாற்றியது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். பிக்கப் வண்டி, பின்னால் வாடகை டிரெய்லர். வெனெட்டாவும் ராய்ஸும் முன்னால். பின் இருக்கையில் பதிமூன்று வயது மகள் ஷெல்பி, அவள் மடியில் தலை வைத்துக் கிரேவி என்கிற வேட்டை நாய். ஒரு ராத்திரி வர்ஜீனியாவில் தங்கினார்கள். அடுத்த ராத்திரிக்கு நியூஜெர்சியில் ஒரு ராணுவத் தங்குமிடம். அங்கே நாயை விடுவார்கள், வாடகையும் குறைவு. அதற்காகத்தான் அந்தப் பாதை.

டெலவேரின் பெரிய பாலத்தைத் தாண்டி நியூஜெர்சிக்குள் நுழைந்து, முதல் வெளிவழியையும் கடந்த பிறகு போன் அடித்தது. வெனெட்டா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்," என்றான் லான்னி. "கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"வர்ற சனிக்கிழமை கொஞ்சம் சுட்டுப் பாக்கலாம்னு பெட்டியைத் தொறந்தேன். உள்ள துப்பாக்கி இல்லையே. எங்கிட்டக் குடுக்க மனசில்லேன்னா சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. வெறும் பெட்டியத் தூக்கிட்டுப் போன லூசா நான்?"

வெனெட்டா பக்கத்தில் பார்த்தாள். ராய்ஸின் முகம் வெளுத்திருந்தது.

"அப்புறம் கூப்பிடறேன்," என்று போனை வைத்தாள். "ராய்ஸ். எங்க இருக்கு?"

"கிரேவியோட சாப்பாட்டு டப்பாவுல."

"டப்பா எங்க?"

பின் இருக்கையில் இருந்து ஷெல்பி சொன்னாள். "என் காலுக்குக் கீழ. அதுமேலதான் கால் வச்சிருக்கேன்."

"காலை எடு. மெதுவா. தொடாத. டப்பாவை யாரும் தொட வேண்டாம்." பிறகு ராய்ஸிடம் குரலைத் தாழ்த்தினாள். "தோட்டா இருக்கா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "வீட்டுல இருந்த மாதிரியே இருக்கு."

அதாவது நிரப்பியது. தோட்டா நிரப்பிய, உரிமமில்லாத கைத்துப்பாக்கி, குழந்தையின் கால் மாட்டில், நியூஜெர்சி நெடுஞ்சாலையில். ஓட்டுவது ஆயுதக் கிடங்கு சார்ஜன்ட். நியூயார்க்கில் அது சட்டப்படி இல்லாததால் மத்திய சட்டம் விட்ட வழியும் அடைபட்டுவிட்டது. இரண்டு வருஷம் பாக்கி இருந்த ஓய்வூதியம் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நாய் உருண்டைகளோடு கிடந்தது.

அந்தச் சாலையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. நடுவில் தடுப்பு. ஓரத்தில் நிறுத்தினால் ரோந்துப் போலீஸ் உதவி செய்ய வந்து நிற்கும். பெட்ரோல் போடும் இடம் ஒன்று வந்தது. வாசலிலேயே இரண்டு போலீஸ் வண்டிகள். வெனெட்டா வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"நான் வந்து…" என்றான் ராய்ஸ்.

"பேசாத."

"மறந்தே போயிட்டேன்டி. அந்தக் குழாய்…"

"நீ மறந்த. நான் திறந்து பாக்கல. ரெண்டும் சேர்ந்துதான் இங்க வந்து நிக்குது. இப்ப வாயை மூடு, என்னை ஓட்ட விடு."

அடுத்த வெளிவழியில் இறங்கினாள். பீச் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு சாலை. ஒரு தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை, ஆள் இல்லை. மரத்தடியில் நிறுத்தி, ஷெல்பியை நாயோடு தேவாலயப் படிக்கு அனுப்பினாள்.

"அம்மா, நாம ஜெயிலுக்குப் போவோமா?"

"நாயைப் பிடிச்சுக்கோ. அது உன் வேலை. இது என் வேலை."

டப்பாவைத் திறந்து கையை விட்டாள். பையோடு துப்பாக்கி வந்தது. குழல் வாயைத் தரைப் பக்கம் திருப்பி, மேகசினைக் கழற்றி, மேல் பாகத்தை இழுத்தாள். ஒரு தோட்டா துள்ளிப் புல்லில் விழுந்தது. அதைத் தேடி எடுத்தாள்.

"உள்ள பார்," என்றாள் ராய்ஸிடம்.

"நீதான் பாத்துட்டியே."

"கிடங்குல ரெண்டு பேர் பாக்கணும். பார். வாயால சொல்லு."

குனிந்து பார்த்தான். "காலி." பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "வெனெட்டா, வர்ற வழியில ஒரு வாய்க்கால் பாத்தேன். போட்டுருவோம். ரெண்டு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது. மலிவு சாமான், போகட்டும்."

அவளுக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. வந்தது. வாய்க்கால், கலங்கல் தண்ணீர், ஒரு சின்னச் சத்தம், அப்புறம் வடக்கே ஓட்டம். பத்து வினாடி அதைப் பற்றி யோசித்தாள் என்பதை அவளே பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

"முழங்கால் நனைய மீன் பிடிக்கப் போற ஏதாவது பையன் அதை எடுப்பான்," என்றாள். "நம்பரை வச்சு அடகுக் கடைக்குப் போவாங்க. கடைக்காரன் உன் பேரைச் சொல்லுவான். அப்ப நாம தொலைச்சவங்க இல்ல, ஒளிச்சவங்க. தலையணைக்குள்ள வச்சவன் கதை உனக்குச் சொல்லியிருக்கேன்ல?"

"நூறு தடவை."

"இப்ப நூத்தியொண்ணு."

ராணுவச் சட்ட உதவிக்குப் போன் போட்டாள். பதிவு செய்த குரல் ஒன்று திங்கட்கிழமை கூப்பிடச் சொன்னது. டெலவேரில் பாலத்துக்கு அந்தப் பக்கம் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையைப் பிடித்தாள். கடைக்காரர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"கொண்டாங்கம்மா. நான் வாங்கி வச்சு ஜார்ஜியாவுல ஒரு கடைக்கு அனுப்பிடறேன். உங்க கொழுந்தனார் அங்க போய் எடுத்துக்கலாம். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "இப்ப எங்க இருந்து பேசறீங்க?"

"பாலத்துக்குத் தப்பான பக்கத்துல இருந்து."

"அடக் கடவுளே. நிதானமா ஓட்டிட்டு வாங்க."

டிரெய்லரைத் திறந்தாள். நீளப் பெட்டியின் பூட்டைத் திறந்து துப்பாக்கியை உள்ளே வைத்தாள். மேகசினும் தோட்டாக்களும் தனியாக, கருவிப் பெட்டிக்குள், இன்னொரு பூட்டில். பிறகு டோனட் வாங்கிய பையைக் கிழித்து ஒரு துண்டுச் சீட்டு எழுதினாள். துப்பாக்கி நம்பர், யாருடையது, எங்கே இருந்தது, எப்போது தெரிந்தது, காலி என்று இருவர் பார்த்தது. நூலில் கட்டித் துப்பாக்கியில் தொங்கவிட்டாள்.

ராய்ஸுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "இதை யாருக்கு எழுதற?"

"பழக்கம். எழுதலேன்னா பூட்ட மனசு வராது."

மூன்று பேரும் நாயும் ஏறிக்கொண்டு நெடுஞ்சாலைக்குத் திரும்பினார்கள். இப்போது தெற்கே. வலது பக்கத் தடத்தில், லாரிகளுக்குப் பின்னால், சட்டம் சொன்ன வேகத்தில். கிரேவி டப்பாவை முகர்ந்துகொண்டே இருந்தது. அதற்குச் சாப்பாட்டு நேரம்.

பாலத்தின் கோபுரங்கள் மரங்களுக்கு மேலே தெரிந்தன. வெனெட்டா மூச்சை விட்டாள். அப்போதுதான் கண்ணாடியில் சிவப்பும் நீலமும் மின்னியது.

"நமக்கா?" என்றான் ராய்ஸ்.

"நமக்குத்தான்."

ஓரத்தில் நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்தாள். ராய்ஸ் வேகமாகக் கிசுகிசுத்தான். "எல்லாம் பின்னால பூட்டியிருக்கு. கேட்டா ரைஃபிளை மட்டும் சொல்லு. அது பொய் இல்லையே. பாலம் கண்ணுக்குத் தெரியுது வெனெட்டா. இன்னும் அஞ்சு நிமிஷம்."

இளம் போலீஸ்காரன் வந்து குனிந்தான். "மதிய வணக்கம் மேடம். உங்க டிரெய்லர் இடது விளக்கு எரியல."

"தெரியாது ஆபீசர். சரி பண்ணிடறேன்."

"ஜார்ஜியா நம்பர். எங்க போறீங்க?"

"ராணுவ மாற்றல். நியூயார்க்."

அவன் உரிமத்தை வாங்கிப் பார்த்தான். போலீஸ்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டான். "வண்டியில ஆயுதம் ஏதாவது இருக்கா மேடம்?"

ராய்ஸின் முழங்கால் அவள் முழங்காலை அழுத்தியது. வெனெட்டா சாலையைப் பார்த்தாள். பாலத்தின் மேல் லாரிகள் எறும்பு போல ஏறிக்கொண்டிருந்தன.

"இருக்கு," என்றாள். "டிரெய்லர்ல, பூட்டின பெட்டியில. ரெண்டு வேட்டை ரைஃபிள், ஒரு ஷாட்கன். அது மூணும் சட்டப்படி சரி. நாலாவதா ஒரு பிஸ்டல் இருக்கு. அது சரியில்ல. அதுக்கு இங்கயும் லைசென்ஸ் இல்ல, நியூயார்க்லயும் இல்ல. ஜார்ஜியாவுலயே விட்டுட்டதா நினைச்சோம். கொஞ்ச நேரம் முன்னாலதான் இருக்குன்னு தெரிஞ்சுது. இப்ப அதுல தோட்டா இல்ல. என் கை ஸ்டீயரிங் மேலதான் இருக்கு ஆபீசர். எடுக்க மாட்டேன்."

ராய்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். போலீஸ்காரனின் குரல் மாறியது. "சாவியைக் கொடுங்க. எல்லாரும் அப்படியே இருங்க." ஒரு அடி பின்னால் நகர்ந்து தோளில் இருந்த ரேடியோவில் பேசினான்.

இன்னொரு வண்டி வந்தது. பிறகு மூன்றாவது. ஷெல்பியையும் நாயையும் ஓரத் தடுப்புக்கு அப்பால் புல்லில் உட்கார வைத்தார்கள். வெனெட்டாவையும் ராய்ஸையும் தனித்தனியாக நிற்க வைத்தார்கள். வெயில் தாரைக் கொதிக்க வைத்தது. கடந்துபோன வண்டிகள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தன. ராணுவ வெட்டில் முடி வைத்த ஒரு கறுப்புப் பெண் நெடுஞ்சாலை ஓரத்தில் கையை விரித்து நிற்பதைப் பார்த்தால் அவர்கள் என்ன கதை கட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது வண்டியில் வந்த மூத்த அதிகாரிக்கு நரைத்த மீசை, தூக்கம் பத்தாத கண். டிரெய்லருக்குள் ஏறினார். நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் டோனட் பைத் துண்டு இருந்தது.

"இதை எழுதினது யாரு?"

"நான் சார்."

"ராணுவத்துல என்ன வேலை?"

"ஆயுதக் கிடங்கு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கிடங்குக்காரங்க வண்டியில நாய்ச் சாப்பாட்டு டப்பாவுல பிஸ்டல்."

"ஆமா சார்."

"சிரிப்பா இருக்கு."

"எனக்கு இல்ல சார்."

மாற்றல் உத்தரவைக் கேட்டு வாங்கினார். படித்தார். தலையைத் தூக்கி வண்டியின் மூக்கைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். "நியூயார்க் வடக்க இருக்கு. வண்டி தெக்க பாத்து நிக்குதே."

"திருப்பிட்டேன் சார். டெலவேர்ல ஒரு கடையில விடறதுக்கு. அவருக்குப் போன் பண்ணியிருக்கேன். நம்பர் என் போன்ல இருக்கு."

அவர் அந்த நம்பருக்குக் கூப்பிட்டார். ஓரமாக நடந்துகொண்டே பேசினார். வெனெட்டாவுக்கு வார்த்தை கேட்கவில்லை, முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் தன் பதினெட்டு வருஷத்தை நினைக்காமல் இருக்க முயன்றாள். திரும்பி வந்தவர் குரலில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை.

"ஒரு அம்மா நாய்ச் சாப்பாட்டுலேருந்து துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு வந்துக்கிட்டிருக்காங்கன்னு கடைக்காரர் சொல்றாரு. சரி. ஆனா நான் பாக்காத மாதிரி போக முடியாது மேடம். இங்க சட்டம் அப்படி. யாராவது ஒருத்தர் பேரை எழுதியாகணும்."

"என் பேரை எழுதுங்க," என்றான் ராய்ஸ், தூரத்தில் இருந்து. "அடகுக் கடைப் பில்லுல என் பேருதான். ஒளிச்சதும் நான். ராய்ஸ் பிக்கெட். கடைசியில 'டி' ரெண்டு."

"ஓட்டினது நான்," என்றாள் வெனெட்டா. "எனக்கும் தெரியும்னு எழுதுங்க."

"மேடம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. போன் எப்ப வந்துச்சு?"

"முதல் எக்ஸிட் தாண்டினப்புறம்."

"அதுக்கு முன்னாடி தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சதும் எங்க திரும்பினீங்க?"

"திரும்ப முடிஞ்ச முதல் இடத்துல."

"அதைத்தான் எழுதப் போறேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினீங்கன்னா அதையும் எழுத வேண்டி வரும். வேணுமா?"

வெனெட்டா வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் கீழ்ப்படிந்த கட்டளைகளில் கஷ்டமானது அது.

ராய்ஸின் கையில் விலங்கு மாட்டினார்கள். வண்டியில் ஏறும் முன் திரும்பிப் பார்த்தான். "சார்ஜன்ட், நாய்க்குச் சாப்பாடு போடு. டப்பாவுல இப்ப உருண்டை மட்டும்தான், ரெண்டு பேர் பாத்தாச்சு."

"வெளிய வா, உன்னைக் கவனிச்சுக்கறேன்," என்றாள் அவள். ஷெல்பி நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் ரேகை எடுத்து, படம் எடுத்து, நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி, இருட்டும் முன் அவனை விட்டுவிட்டார்கள். கைத்துப்பாக்கி திரும்பி வரவில்லை. வரவும் வராது.

புது முகாமில் வேலைக்குச் சேர்ந்த காலையில் வெனெட்டா கிடங்குக்குப் போகவில்லை. நேராகத் தளபதியின் கதவைத் தட்டினாள். போலீஸ் அறிக்கை அவர் மேசைக்கு வருவதற்கு முன்னால் தன் வாயால் எல்லாவற்றையும் சொன்னாள், பெட்டியைத் திறக்காமல் கொடுத்ததையும் சேர்த்து. அவர் கேட்டுவிட்டு, "அறிக்கை வந்திருந்து நீ வராம இருந்திருந்தா உன்னை வேலையை விட்டு அனுப்பற பேப்பரை இன்னிக்கே எழுதியிருப்பேன்," என்றார். துரத்தவில்லை. ஆனால் ஒரு வருஷம் அவளைக் கிடங்குப் பக்கம் விடவில்லை. கம்பளியும் கூடாரமும் எண்ண வைத்தார்கள். எண்ணினாள்.

விலை கொடுத்தது ராய்ஸ். வடக்கே பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை அவனுக்குப் பேசி வைத்திருந்தது. வழக்கு நிலுவையில் இருப்பவனிடம் குழந்தைகளை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பனியில் மரக்கடையில் பலகை தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டான். முதல் குற்றம் என்பதால் கண்காணிப்பில் வைத்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு வழக்கைத் தள்ளினார்கள். அதற்குள் பேருந்தில் வேறு ஆள் ஏறிவிட்டான். ஒரு மறதிக்கும் ஒரு அவசரத்துக்கும் ஒரு மனிதனின் இடுப்பு போனது. சட்டம் எழுதியவர்கள் யாரும் வீடு மாற்றியிருக்க மாட்டார்கள்.

வெனெட்டா இருபது முடித்தாள். ஓய்வூதியம் வருகிறது. குடும்பம் ஜார்ஜியாவுக்கே திரும்பியது. அந்தக் கடைசி மாற்றலில் அவள் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அங்கே இருந்த ஒவ்வொரு பெட்டியையும், டப்பாவையும், காலணி உறையையும் திறந்து பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்ற விட்டாள். மூட்டை கட்ட வந்தவர்கள் வாசலில் காத்து நின்றார்கள். காத்திருந்த நேரத்துக்கு அவர்களுக்குக் கையில் காசு கொடுத்தாள்.

வெறும் பெட்டி இன்னும் லான்னியிடம் இருக்கிறது. தூண்டில் முள் போட்டு வைத்திருக்கிறான். போன நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு வந்தவன், வான்கோழிக்குப் பக்கத்தில் அதை வேண்டுமென்றே வைத்தான்.

"வெறும் முள்ளுதான் அண்ணி. சாப்பாடு ஆறுது. உக்காருங்க."

ராய்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். வெனெட்டா கையில் கரண்டியோடு நின்றாள். உட்காரவில்லை.

"திற," என்றாள்.

லான்னி திறந்தான். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு ராய்ஸின் தோளைத் தட்டினாள். அவனும் எழுந்து வந்து குனிந்து பார்த்து, "முள்ளுதான்," என்றான். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் வான்கோழியை வெட்டினார்கள்.